மூக்கைத் திருப்பிக் கொடுத்த மான்

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. புலி இருந்ததால் பயம் இருந்தது. பயம் இருந்ததால் எல்லோரிடமும் போன் இருந்தது.

காட்டு விலங்குக்கு ஏது போன் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். விலங்கு பேசும் என்பதை மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டு, அது போன் வைத்திருக்கும் என்பதை மட்டும் நம்ப மறுப்பது என்ன நியாயம்? காட்டோரத்தில் ஒரு சொகுசு விடுதி இருந்தது. அங்கே வருகிறவர்கள் ஜீப்பில் நின்றுகொண்டு செல்ஃபி எடுப்பார்கள். ஜீப் குலுங்கும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு காட்டுப்பன்றி கையில் போன் இருக்கும். வெயிலில் வைத்தாலே சார்ஜ் ஏறும் உயர்ந்த வகைப் போன்கள் அவை.

அந்தப் போன்களுக்காக ‘புலி வருது’ என்று ஒரு செயலியை எழுதியது செல்லையா. செல்லையா ஒரு தூக்கணாங்குருவி. அதன் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றோரத்து ஈச்ச மரத்தில், போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்கும். எந்த நார் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று கீழே நின்று அண்ணாந்து பார்த்தே கற்றுக்கொள்ளலாம். செயலியையும் செல்லையா அப்படித்தான் பின்னியது. ஓபன் சோர்ஸ் என்றார்கள் அதை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றியதையும் மூடி வைக்காமல் திறந்தே கொடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இந்த நிபந்தனையை அழகான வாசகமாக எழுதிக் கொடுத்தது வைத்திலிங்கம் என்கிற அலங்கு. அலங்கு என்றால் உடம்பெல்லாம் செதில் போர்த்திய எறும்புத்தின்னி. தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பிறகு புலியே வந்து புரட்டினாலும் பல் இறங்காது. வைத்திலிங்கம் கொள்கையில் மிகவும் உறுதியானது. அந்தச் செதிலுக்குள் இருந்தால் நானும் உறுதியாகத்தான் இருப்பேன்.

முதலில் அந்தச் செயலிக்குக் காது மட்டும்தான் இருந்தது. மந்தி கத்தினாலோ மயில் அகவினாலோ அது கேட்டுக்கொண்டு, காட்டிலுள்ள எல்லாப் போன்களிலும் “புலி வருது! புலி வருது!” என்று அலறும். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மந்தி புலியைக் கண்டு மட்டுமா கத்துகிறது? பக்கத்து மந்தி பலாச்சுளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் கத்தும். மயில் மேகத்தைப் பார்த்தாலும் அகவும். ஐப்பசி மாதத்தில் செயலி ஓயாமல் அலறியது. எல்லோரும் அலுத்துப்போய்ப் புல் மேய்வதை மட்டும் பார்த்தார்கள்.

அப்படி ஒரு மழை நாளில்தான் காந்திமதி என்ற புள்ளிமானின் முதல் குட்டி போனது. செயலி அலறியது, மயிலாக இருக்கும் என்று காந்திமதி தலையைக்கூடத் தூக்கவில்லை. அன்று அது மயிலாக இருக்கவில்லை. கதையில் சிரிக்க நிறைய இடம் இருக்கிறது, இங்கே சிரிக்காதீர்கள்.

அடுத்த பருவத்தில் காந்திமதிக்கு இன்னொரு குட்டி பிறந்தது. கால்கள் இன்னும் சரியாக நிற்காத குட்டி. காட்டில் கோடையில் வற்றாத நீர்த்துறை ஒன்றே ஒன்றுதான், அதன் பக்கத்துப் புதரில்தான் புலிக்கும் குகை. தண்ணீர் இல்லாவிட்டால் பால் சுரக்காது, தண்ணீருக்குப் போனால் குட்டி மிஞ்சாது. புலி எப்போது எங்கே இருக்கிறது என்பது மற்றவர்களுக்குத் தகவல், காந்திமதிக்கு உயிர்.

இந்தச் சமயத்தில்தான் கஸ்தூரிராஜன் கடை திறந்தது. கஸ்தூரிராஜன் ஒரு புனுகுப்பூனை. வாசனை விஷயத்தில் அதன் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. அது ‘மூக்கு’ என்று ஒரு பொருளைத் தயாரித்தது. செல்லையாவின் செயலியோடு இந்த மூக்கையும் போனில் ஏற்றிவிட்டால், காற்றில் புலி வாடை வந்த மாத்திரத்தில் செயலி அலறும். மந்தியும் மயிலும் தேவையில்லை. போனுக்கு எப்படி வாசனை தெரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். உள்ளே திறந்து பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் நிபந்தனை.

வேறு நிபந்தனைகளும் இருந்தன. இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ஒருமுறை ஏற்றிவிட்டால் அணைக்கவோ அழிக்கவோ கூடாது, முடியவும் முடியாது. அணைக்கும் வசதி கடவுச்சொல்லோடு பிரீமியம் பதிப்பில் பின்னால் வரும். விலை கிடையாது. ஆனால் ஒவ்வொருவரும் நேரில் வந்து ‘சம்மதம்’ என்ற இடத்தில் காலை வைத்துவிட்டு வாங்கிப் போக வேண்டும். நேரில் வருகிறவர் வெறுமனே வருவாரா? ஒரு நாவல்பழமாவது கொண்டு வருவார். கஸ்தூரிராஜன் அந்தக் கோடையில் நன்றாகக் கொழுத்தது.

அதன் மரப்பொந்திலிருந்து ஓடைக்கரை வரை வரிசை நின்றது. முயல், பன்றி, கடமான், காட்டுக்கோழி எல்லாம் வெட்டவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றார்கள். புலியிடமிருந்து தப்பிக்கும் கருவியை வாங்க, புலி படுத்திருக்கும் புதருக்கு நேர் எதிரில். புலி அந்த வரிசையைத் தினமும் பார்த்தது. வரிசையின் நடுவிலிருந்து அவ்வப்போது ஒருவர் குறைந்தார். பின்னால் இருந்தவர்கள் அதைக் கவனிக்கவில்லை, வரிசை நகர்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

காந்திமதி குட்டியைப் புதரில் மறைத்துவிட்டு ஈச்ச மரத்தடிக்கு வந்தது.

“செல்லையாண்ணே, பச்சைக் குட்டியை வச்சுக்கிட்டு நான் எங்கேண்ணே அந்த வரிசையில போய் நிக்கிறது? அதைத் தனியா விட்டுட்டும் போக முடியாது, கூட்டிக்கிட்டும் போக முடியாது.”

செல்லையாவுக்கு இளகிய மனசு. அதனால்தான் அது இத்தனை சிக்கலில் மாட்டுகிறது.

“எதுக்குத் தங்கச்சி எல்லாரும் தனித்தனியா போய் நிக்கணும்? நான் வரிசையில நின்னு வாங்கின மூக்கு ஒண்ணு இருக்கில்ல? அதையே ஆப்போட சேர்த்துப் பின்னிடறேன். ஆப்பை எடுத்தா மூக்கும் வந்துடும்.”

அப்படியே செய்தது. புதிய பதிப்பை வெளியிட்டபோது, ‘மூக்கும் உள்ளே! இனி வரிசை வேண்டாம்!’ என்று கொட்டை எழுத்தில் அறிவிக்கவும் செய்தது. செய்ததை மூடி மறைக்கத் தெரியாத குருவி. திருடன் என்றால் இதைச் சொல்லாமல் செய்திருப்பான். செல்லையா நல்லவன் என்பதால் சாட்சியத்தையும் தானே எழுதி வைத்தது.

காடு மாறிப்போனது. புலி புதருக்குள் சோம்பல் முறித்தால் போதும், ஓடைக்கு அக்கரையில் போன் அலறும். மான்கள் நிதானமாக எழுந்து நடந்து போகும். ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. காந்திமதி குட்டியோடு நீர்த்துறைக்குப் போய் வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்தது. குட்டிக்குக் கால் ஊன்றியது. புலி வெட்டுக்கிளி தின்னப் பழகிக்கொண்டது. விடுதிச் சமையலறையின் பின்பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகவும் சிலர் சொன்னார்கள்.

இங்கேயே கதையை முடித்து, ‘பகிர்ந்து வாழ்வதே நலம்’ என்று ஒரு நீதியை ஒட்டியிருந்தால் பள்ளிப் புத்தகத்தில் போட்டுவிடுவார்கள். ஆனால் பொந்தில் பழம் வருவது நின்றுபோன பூனையை என்ன செய்வது?

கஸ்தூரிராஜன் ஈச்ச மரத்தடிக்கு வந்து வாலை விறைத்துக்கொண்டு நின்றது.

“ஏம்ப்பா குருவி! என் மூக்கை யாரைக் கேட்டு ஊருக்கெல்லாம் விநியோகம் பண்றே? நீ சம்மதம்னு காலை வச்சியா இல்லையா?”

“வச்சேன்.”

“படிச்சியா?”

செல்லையா கூட்டில் ஒரு நாரை இழுத்துச் சரி செய்தது. இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. உங்களிடமும் இல்லை.

பூனை கத்திவிட்டுப் போனதும் வைத்திலிங்கம் வந்தது. தன் பக்கம் பேச ஆள் வந்துவிட்டது என்று செல்லையா நினைத்தது. அலங்கின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

“செல்லையா, நீ பண்ணினது மகா பாவம்.”

“அவர் மூக்கை எடுத்தது தப்புத்தாங்கய்யா, ஆனா...”

“அவன் மூக்கு எக்கேடு கெட்டா எனக்கென்ன? நம்ம கூட்டுக்குள்ள மூடின பொருளைக் கொண்டாந்து வச்சிருக்கியே, அதைச் சொல்றேன். திறந்து பார்க்க முடியாத ஒரு பொருள் உள்ளே இருந்தா, அப்புறம் எப்படி இது திறந்த செயலி? நம்ம நிபந்தனையை நாமளே மீறலாமா? எடு அந்த மூக்கை வெளியே!”

வேடிக்கையைப் பாருங்கள். கொடுத்ததற்காகப் பூனைக்குக் கோபம். சேர்த்ததற்காக அலங்குக்குக் கோபம். ஒன்றையொன்று கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இரண்டும் ஒரே விஷயத்தைக் கேட்டன: மூக்கை எடு.

பக்கத்தில் நின்றிருந்த காந்திமதி குறுக்கே வந்தது. “ஐயா, மூக்கை எடுத்துட்டா என் குட்டி என்னங்க ஆகும்?”

“அம்மா, கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. மூடின பொருளை நம்பி உயிர் பிழைக்கிறது ஒரு பிழைப்பா? உன் குட்டி செத்தாலும் சுதந்திரமா சாகும்.”

“நீங்க அந்தச் செதிலைக் கழட்டி வச்சிட்டு இதைச் சொல்லுங்கய்யா.”

வைத்திலிங்கம் பந்தாகச் சுருண்டுகொண்டது. விவாதம் முடிந்தது என்பதற்கு அலங்கின் அடையாளம் அது.

வழக்கு நடுவரிடம் போனது. நடுவர் ஒரு கிழட்டு உடும்பு. பெரிய பாறையின் மேல் ஒட்டிக்கொண்டு விசாரிப்பார். ஒரு சொல்லைப் பிடித்தால் விடமாட்டார், அந்தச் சொல்லால் யார் குடி முழுகினாலும் சரி. அதனாலேயே அவருக்கு நேர்மையானவர் என்று பெயர். நீதிமன்றத்துக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது அங்கே விதி. வெளியே போய்த் தின்னலாம்.

கஸ்தூரிராஜன் தன் தரப்பைச் சொன்னது. “கொடுக்கக் கூடாதுன்னு சொன்னேன், கொடுத்தான். இதுக்கு மேல என்ன இருக்கு?”

செல்லையா தன் தரப்பைச் சொன்னது. “காசுக்கு விக்கலைங்க. புண்ணியத்துக்குக் கொடுத்தேன்.”

“கொடுத்தாயா?” என்றார் நடுவர்.

“கொடுத்தேங்க.”

“கொடுத்தேன் என்கிறார். குறித்துக்கொள்ளுங்கள்.”

வைத்திலிங்கம் சாட்சி சொல்ல வந்தது. தன் தோழனுக்காகத்தான் வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பூனை சொன்னதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தது. மூக்கை உடனே அகற்ற வேண்டும் என்று நடுவர் வாயைத் திறக்கப் போனார். காந்திமதி குட்டியைக் கால்களுக்கு நடுவே இழுத்து அணைத்துக்கொண்டது.

அப்போது கூட்டத்திலிருந்த எல்லாப் போன்களும் ஒன்றாக அலறின. “புலி வருது! புலி வருது!”

“நீதிமன்றத்தில் போனைச் சத்தமில்லாமல் வையுங்கள்!” என்று நடுவர் கோபப்பட்டார். வைக்க முடியாது என்பதுதான் நமக்குத் தெரியுமே.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நடுவே புலி நடந்து வந்தது. அதற்குப் பெயர் கிடையாது. பக்கத்தில் போய்க் கேட்டவர் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. கழுத்தில் ஒரு போன் தொங்கியது. அது எப்படிக் கிடைத்தது என்று விசாரிக்கும் தைரியம் அந்த மன்றத்தில் எவருக்கும் இல்லை.

“ஐயா, நானும் இந்த வழக்குல ஒரு கட்சி,” என்றது புலி, மிகவும் பணிவாக. “இவங்க ரெண்டு பேரும் யாரோட பொருளுக்கு அடிச்சுக்கிறாங்க? அந்த மூக்குக்குள்ளே இருக்கிறது என் வாடை. அது இல்லாம மூக்குக்கு என்னைத் தெரியுமா? என் வாடையை யாரைக் கேட்டு எடுத்தாங்க?”

எல்லோரும் கஸ்தூரிராஜனைப் பார்த்தார்கள். பூனை உதட்டை நக்கிக்கொண்டது. “அது... மரத்துல இருந்துதுங்க. காட்டு மரத்துலெல்லாம் புலியாரே தெளிச்சு விட்டிருந்தார். பொதுவா கிடக்குதேன்னு வழிச்செடுத்தேன்.”

“பொதுவாவா?” புலி சிரித்தது. முன்வரிசை பின்வரிசைக்குப் போனது. “நான் மரத்துல எதுக்குத் தெளிக்கிறேன்? இது என் இடம், கிட்ட வராதே, தொடாதேன்னுதானே? பிறந்த குட்டிக்குக்கூட அது புரியுமே? அதையே எடுத்துப் பெட்டியில போட்டு, மேல தன் பேரை எழுதிக்கிட்டு, திறக்காதேங்கிறானே இவன்!”

நடுவர் கண்ணை மூடி யோசித்தார். அந்தக் காட்டில் வேலி கிடையாது, பட்டா கிடையாது. எல்லைக்கு இருக்கிற ஒரே பத்திரம் மரத்தில் அடித்த வாடைதான். எல்லா விலங்குக்கும் பொதுவான அந்த வழக்கத்தைத் தள்ளிவிட்டால் நாளைக்கு அவருடைய பாறையும் அவருடையது இல்லை என்றாகிவிடும். கண்ணைத் திறந்தார். ஒரு சொல்லைப் பிடித்துவிட்டார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது.

“வாடை புலியாருடையது. பூனை அதை அனுமதியின்றி எடுத்தது குற்றம். குருவி அதை அனுமதியின்றிப் பரப்பியது குற்றம். இன்று முதல் புலியாரின் அனுமதி இல்லாமல் அவருடைய வாடையை எவரும் எந்த வடிவத்திலும் வைத்திருக்கக் கூடாது.”

“அனுமதி தாராளமா தருவேன்,” என்றது புலி. “வேணுங்கிறவங்க குகைக்கு வந்து வாங்கிக்கலாம். ஒவ்வொருத்தரா வரணும். குட்டி இருந்தா அதையும் கூட்டிக்கிட்டு வரணும், அதுக்குத் தனி அனுமதி.”

புலிக்கு இரை இனிமேல் வரிசையில் வரும், அதுவும் கதவைத் தட்டிக்கொண்டு. செல்லையா தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது. நல்லது செய்யப் போய் இப்படி ஆயிற்றே என்று அதற்கு அழுகை வந்தது.

நடுவர் பாறையை விட்டு இறங்கப் போனபோது காந்திமதி முன்னால் வந்தது. புலிக்கு இத்தனை கிட்டத்தில் அது தன் வாழ்நாளில் நின்றதில்லை.

“ஐயா, ஒரு சின்ன சந்தேகமுங்க. எங்க போன்ல இப்போ இருக்கிற மூக்கை நாங்க என்ன செய்யறது?”

“அழிச்சுத் தொலை,” என்றது புலி.

“அழிக்கலாங்களா? அது புலியாரோட சொத்துன்னு இப்பத்தானே ஐயா சொன்னீங்க. அவரோட சொத்தை நான் என் குளம்பால அழிச்சா, நாளைக்கு என் மேல ஒரு வழக்கு வராதுங்களா?”

நடுவர் மீண்டும் பாறையில் ஏறிக்கொண்டார். அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. “பிறர் சொத்தை அழிக்கக் கூடாது. சரியான கேள்வி.”

“அழிக்கவும் முடியாது,” என்று கஸ்தூரிராஜன் குறுக்கே வந்தது. குற்றவாளி என்று சொல்லப்பட்ட பிறகும் தன் சரக்கைப் பற்றிப் பெருமை அடிக்கும் ஆசை அதற்குப் போகவில்லை. “நம்ம மூக்கு அப்படியெல்லாம் அழியாதுங்க. வேணும்னா போனுக்குப் போன் மாத்தலாம்.”

“அப்படியானால், வைத்திருக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது,” என்றார் நடுவர். “எனவே ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள பிரதியை உரிமையாளரின் போனுக்கு அனுப்பி ஒப்படைக்க வேண்டும்.”

“எனக்கெதுக்கு அது? வேண்டாம்!” என்றது புலி.

பந்தாகக் கிடந்த வைத்திலிங்கம் சட்டென்று விரிந்தது. கொள்கைப் பிரச்சினை என்றால் அதற்குத் தூக்கம் கலைந்துவிடும். “குறிச்சுக்குங்க! சொந்தக்காரரே வேண்டாம்னு கைவிட்டா அது பொதுச்சொத்து! யார் வேணும்னாலும் வச்சுக்கலாம், யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். யாரும் அனுமதிக்கு வர வேண்டியதில்லை!”

மானுக்கு உதவ வேண்டும் என்று அலங்கு நினைக்கவே இல்லை. நீங்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பாராட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

“யார் சொன்னது வேண்டாம்னு?” புலி உறுமியது. குகை வாசலில் நிற்கப் போகிற வரிசை அதன் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். “என் சொத்து. ஒண்ணு விடாம கொண்டா!”

“பெற்றுக்கொண்டதை உரிமையாளர் எப்போதும் தம் உடம்போடு வைத்திருக்க வேண்டும்,” என்றார் நடுவர். பிடி இறுகிக்கொண்டே போனது. “கழற்றி வைத்தாலோ, தூக்கி எறிந்தாலோ கைவிட்டதாகக் கொள்ளப்படும்.”

காந்திமதி தன் போனை எடுத்தது. முதல் பிரதியை அதுதான் அனுப்பியது. பிறகு மன்றத்திலிருந்த எல்லோரும் அனுப்பினார்கள். செய்தி பரவியதும் வளைகளிலிருந்தும் கிளைகளிலிருந்தும் அனுப்பினார்கள். அந்தக் காட்டில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பை மக்கள் அத்தனை ஆர்வமாக நிறைவேற்றியது அதுதான் முதல் தடவை.

புலியின் கழுத்தில் போன் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மூக்கும் வந்து சேர்ந்தது, சேர்ந்ததும் மோந்து பார்த்தது. அதற்கு அவ்வளவு கிட்டத்தில் புலி வாடை அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

“புலி வருது!” என்று முயலின் குரலில் ஒரு மூக்கு கத்தியது. அவரவர் தமக்குப் பிடித்த குரலை அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். “புலி வருது!” என்று பன்றியின் கரகரப்பில் இன்னொன்று. அப்புறம் காட்டுக்கோழி, கடமான், கீரி. காடு முழுவதும் புலியின் கழுத்தில் நின்று கத்தியது.

புலி துள்ளித் திரும்பிப் பின்னால் பார்த்தது. தன் வாழ்நாளில் முதல் முறையாக அது பயந்தது.

அதன் பிறகு புலி எங்கே போனாலும் அந்தச் சத்தம் கூடவே போனது. பதுங்கினால் கத்தியது, படுத்தால் கத்தியது. கழற்றி ஆற்றில் வீசிவிடலாம். வீசினால் வாடை பொதுச்சொத்து, குகைக்கு யாரும் வர வேண்டாம். அது வீசவில்லை. என்றைக்காவது ஒருவர் அனுமதி கேட்டு வருவார் என்று குகை வாசலில் உட்கார்ந்திருந்தது. அனுமதி கேட்க யார் வருவார்கள்? புலி வருவதைத்தான் புலியே சொல்லிக்கொண்டு வருகிறதே!

வந்தது ஒரே ஒருவர்தான், கஸ்தூரிராஜன். வியாபாரம் என்றால் அதற்குப் பயம் தெரியாது.

“புலியாரே, தூக்கமில்லாம கஷ்டப்படறீங்க போலிருக்கு. அணைக்கிற வசதி வந்தாச்சுங்க. பிரீமியம் பதிப்பு. கடவுச்சொல் என் தலைக்குள்ளதான் இருக்கு. நாம ஒரு விலை பேசி...”

புலி பசியோடு இருந்தது. கஸ்தூரிராஜன் கொழுகொழுவென்று இருந்தது. பேச்சு முடிவதற்குள் பூனை முடிந்துவிட்டது. கடைசி வாய் உள்ளே போன பிறகுதான், கடவுச்சொல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டோம் என்று புலிக்கு உறைத்தது. தன் வயிற்றைத் தானே தட்டிப் பார்த்ததாம். அதற்கும் போன் கத்தியது.

செல்லையா தன் செயலியிலிருந்து மூக்கை எடுத்துவிட்டது. பழையபடி காது மட்டும். ஆனால் மந்திக்கும் மயிலுக்கும் பதிலாக இப்போது காது கேட்க வேண்டியது ஒரே ஒரு சத்தத்தைத்தான், அது காட்டுக்கே கேட்கும். மூடிய பொருள் ஏதும் இல்லாத சுத்தமான செயலி. வைத்திலிங்கம் ஊர் ஊராகப் போய், கொள்கை வென்றது என்று பேசி வருகிறது. கைதட்டினால் வெட்கத்தில் சுருண்டுகொள்கிறது.

கோடையின் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் காந்திமதி குட்டியோடு நீர்த்துறையில் நின்றிருந்தது. வெகு தூரத்திலேயே சத்தம் கேட்டது. அது அவசரப்படாமல் குட்டியை அக்கரைக்கு ஓட்டிவிட்டு, தானும் கடந்து நின்று திரும்பிப் பார்த்தது. புலி இக்கரைக்கு வந்து சேர்ந்தது. தோல் தொங்கியது. அலறல்களுக்கு நடுவே கத்திப் பேச வேண்டியிருந்தது.

“காந்திமதி! நீ ஒருத்தியாவது ஒரு பிரதி வாங்கிக்கயேன்! அனுமதி தரேன். குகைக்கு வர வேண்டாம், சும்மாவே தரேன்! ஒண்ணு போனாலும் ஒரு குரல் குறையுமே!”

காந்திமதிக்கு முதல் குட்டி நினைவுக்கு வந்தது. அன்று அலறிய குரலும் நினைவுக்கு வந்தது.

“பூனையார் நிபந்தனை இருக்குதுங்களே. இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்.”

சொல்லிவிட்டுக் குட்டியின் பின்னால் புல்லுக்குள் நடந்து போனது. அந்தக் குட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. எங்கோ தூரத்தில் “புலி வருது, புலி வருது” என்று கேட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குத் தூக்கம் வருகிறது.

நீதி: வழக்கில் தோற்றவருக்கு மேல்முறையீடு உண்டு. ஜெயித்தவருக்கு அதுவும் கிடையாது.